முதுகில் நீங்கள் எழுதிய வரி

ராத்தா,

இன்று காலை சேலைன் போத்தலில் நேரம் குறிக்க மார்க்கர் பேனையின் மூடியைத் திறந்தேன். அந்த வாசத்தோடு நீங்களும் வார்ட்டுக்குள் வந்துவிட்டீர்கள்.

கொரோனாக் காலத்தில் வெள்ளைப் பாதுகாப்பு அங்கிக்குள் தாதிகள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம். ஆள் தெரிவதற்காக ஒருவருக்கொருவர் நெஞ்சில் பெயர் எழுதிவிடுவோம். எனக்கு எழுதுவது, கூடப் பிறக்காத அக்காவான நீங்கள்தான். ஒருநாள் ஒக்சிஜனில் கிடந்த வயதானவர் ஒருவர் என்னைப் பார்த்துப் புருவத்தை ஆட்டினார். அடுத்த கட்டில்காரர் காதைப் பிடித்து அசைத்தார். "என்ன வாப்பா, என்ன செய்யிது?" என்று நான் பதற, இருவருக்கும் ஒரே சிரிப்பு. கழற்றிய அங்கியை வாளியில் போடும்போதுதான் அதன் முதுகில் உங்கள் எழுத்தைப் பார்த்தேன்: "இவவச் சிரிக்க வைக்கிற ஆளுக்கு வட்டிலப்பம் பரிசு."

புருவம் ஆட்டியவர் மூச்சு நின்று மௌத்தான அன்று அங்கியைக் கழற்ற என்னால் முடியவில்லை. உடைமாற்றும் அறையில் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். "என்ட மகள் எதுக்கும் பயப்படமாட்டா" என்று என்னைப் பெற்ற வாப்பா கடற்கரையெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கோ கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை. வேலையை விட்டுவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன்.

நீங்கள் வந்து பக்கத்தில் இருந்தீர்கள்.

"நித்திரை வரல்லியா புள்ள?"

"ஓம்."

"எனக்கும்தான். நான் மனநலக் கிளினிக்குக்குப் போறன். நீயும் வா."

"அந்தக் கிளினிக் வாசல் வாங்குல குந்தியிருந்தா ஊரே காணும் ராத்தா."

"காணட்டும். ரெண்டு பைத்தியமும் சேர்ந்து இருப்பம்."

எல்லோரிடமும் பகிடி விடும் உங்களுக்கும் நித்திரை இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த வாங்கில் உங்கள் தோளில் சாய்ந்து நான் தூங்கிப்போனதைச் சொல்லிச் சொல்லியே பிறகு சிரிப்பீர்கள்.

போன வருடம் சிறுநீரக நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதனால் இதை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன்: போன கிளினிக்கில் டொக்டர் என் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். இனி வரத் தேவையில்லையாம். அல்ஹம்துலில்லாஹ். கல்முனைச் சந்தை வழியே நடந்து வரும்போது கை வீசி நடப்பதை நானே கவனித்தேன்.

இன்று மத்தியானம் புதிதாக வந்த தாதி ஒருத்தி உடைமாற்றும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். காலையில் அவளுடைய நோயாளி ஒருவர் இறந்திருந்தார். நான் யாரிடமும் நானாகப் போய்க் கதைப்பவள் இல்லையென்று உங்களுக்குத் தெரியும். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கும் நித்திரை இல்லாம இருந்திச்சி," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குமா மிஸ்?"

நாளை அவளோடு அந்தக் கிளினிக் வாங்கில் இருக்கப்போகிறேன், ராத்தா. யார் கண்டாலும் பரவாயில்லை.