பதினோராம் அறையின் முனகல்

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்கு எட்டு மாதம். இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது.

கீபோர்டு அண்ணா போன் செய்தார். கல்லூரிக் காலத்திலிருந்து எங்கள் இசைக்குழுவை நடத்துபவர். பதினான்காம் தேதி மாலை, அந்தப் பழைய ஹோட்டலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சினிமாப் பாட்டுக் கச்சேரியாம். "இந்தத் தடவையும் நீ வரலைன்னா வேற வயலின் பாத்துடுவேன்மா. அப்புறம் அந்த நாற்காலி அவங்களுக்குத்தான்."

பாப்பாவை விட்டு ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை நான்.

அந்த ஹோட்டலில் பேய் வேறு இருக்கிறதாமே?

மார்ச் 4

இவரிடம் சொன்னேன்.

"போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"அழுதா?"

"நானும் சேந்து அழறேன்."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகைக்கு மூவருமாகப் போனோம். ஹோட்டல் மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் கிறீச்சிடுகிறது. ஏழாவது படியில் மட்டும் சத்தமே இல்லை. ஏன்? மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். "பேய் உக்காந்திருக்கும், மிதிக்காத," என்றார் புல்லாங்குழல் அக்கா.

பேய் இருப்பது பதினோராம் அறையில், கச்சேரிக் கூடத்துக்கு நேர் மேலே. எப்போதோ வந்து தங்கிய ஒரு பாடகி. பாதிப் பாட்டில் உயிர் போய்விட்டதாம், மீதியை இன்னும் முனகுகிறாளாம்.

"நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நான் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடுவேங்க."

அந்த அறையை யாரும் எடுப்பதில்லையாம். கச்சேரியன்று இவரும் பாப்பாவும் அங்கேயே இருக்கலாம் என்றார். இவர் உடனே சரி சொல்லிவிட்டார். என்ன மனுஷனோ.

மெழுகுவர்த்திகள் எல்லாம் பேட்டரியில் எரிபவை. மரத்தரை, நெருப்பு ஆகாது.

மார்ச் 11

விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

பேபி மானிட்டர் — பாப்பா அழுதால் எனக்குக் கேட்கவைக்கும் ஜோடிப் பெட்டி — எட்டு மாதமாக என் தலையணைக்கு அடியில்தான். "அதை வீட்லயே வச்சிடு. நான் இருக்கேன்ல?" என்றார் இவர். சரி என்றேன். ஒன்றைப் பாப்பாவின் துணிப்பையிலும் மற்றதை வயலின் பெட்டியிலும் ஒளித்திருக்கிறேன். நம்பாமலா? இல்லை... தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று கச்சேரியில் முந்நூறு மெழுகுவர்த்தி விளக்குகள். நான்காவது பாட்டு முடிந்து, கைதட்டலுக்கு முன்னால் ஒரு நொடி மௌனம். அதற்குள் எங்கிருந்தோ ஒரு முனகல். ம்ம்... ம்ம்ம்.

முன்வரிசைப் பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கென்று வீட்டுக்குப் போகாத மேனேஜர் கதவோரம் வெளிறி நின்றார்.

எனக்கு மட்டும் தெரிந்தது. என் நாற்காலிக்கு அடியில் வயலின் பெட்டி. அதற்குள் நான் போட்டுவைத்த மானிட்டரில் இவர் குரல். பாப்பாவைத் தூங்கவைக்கிறார். அதுவும் நாங்கள் அடுத்து வாசிக்க இருந்த பாட்டு! ஆனால் எல்லோரும் அறிந்த மெட்டு இல்லை. வீட்டில் நான் பழகிய, மெட்டுக்கு அடியில் துணையாக ஓடும் இரண்டாவது வயலின் பகுதி. அந்தப் பாட்டே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் போல. பேய் என்று பயப்படாமல் என்ன செய்வார்கள்?

நடுவில் பாப்பாவின் சிணுங்கல். அது மெல்ல அடங்கியது.

குனிந்து மானிட்டரை அணைத்தேன். பிறகு ஆறு பாட்டு. ஒன்றிலும் பிசகவில்லை.

அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்ல வச்சிட்டேன்னியே," என்றார். துணிப்பையில் கைவிட்டு மற்றதை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "ஜனங்க நெஜமாவே பயந்தாங்களா?"

மார்ச் 22

பதினோராம் அறைதான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்களாம். மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அடுத்த மாதமும் கச்சேரி. நாற்காலி எனக்குத்தான்.

கச்சேரியன்று கொடுத்த பேட்டரி மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்துச் சாயங்காலம் பழகினேன். பாதியில் அணைந்தது. மானிட்டரின் பேட்டரியைக் கழற்றி அதில் போட்டேன். இரண்டு பாட்டு முடிந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இவர் இரண்டாவது பகுதியை முனகிக்கொண்டிருந்தார். நான் முதல் பகுதியை வாசித்தேன்.