ஜூலையில் வார்த்த எஞ்சின்

இன்று காலை எங்கள் மங்கரே சரக்குக் கிடங்கில் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார்கள். கெட்டுப்போன பெட்ரோலும் பழைய கிரீஸும் கலந்த வாசம் என் மேசைவரை வந்தது. யாரோ தன் பழைய அமெரிக்கக் காருக்காகத் தருவித்த சிலிண்டர் ஹெட், எஞ்சினின் மேல்பாகம். படிவத்தில் "இரும்புச் சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தது. "இப்பிடி எழுதுறவன் கல்யாணப் பத்திரிகைல 'ஒரு பொண்ணு'ன்னுதான் போடுவான்லா" என்று நீ சொல்லியிருப்பாய். தனியே சிரித்துவிட்டேன்.

உனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொன்னால் இங்கே இன்றும் யாரும் நம்புவதில்லை. நகர மையத்தில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறித்தான் வேலைக்கு வருவாய். ஆனால் ஈப்போவில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நீ. ஓர் இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால், அது எங்கே எப்போது பிறந்தது என்று தெரியாமல் கீழே வைக்கமாட்டாய். பெட்டியைத் திறந்து பொருளைச் சரிபார்ப்பது உன் வேலை. அதன் பெயரையும் மதிப்பையும் காப்புறுதிப் படிவத்தில் எழுதுவது என் வேலை. நீ சோக்கட்டியைப் படுக்கையாகப் பிடித்து இரும்பின்மேல் தேய்ப்பாய். புடைத்த எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். எந்த எஞ்சினுக்கு உரியது, எந்த மாதம், எந்த நாள் வார்த்தது எல்லாம் அதில் இருக்கும். "குரோம் பூசிப் பளபளக்கிறதெல்லாம் சும்மா. விலை இந்த அழுக்குலதான் இருக்கு" என்பாய். முதலில் உனக்கு விசர் என்று நினைத்தேன். பிறகு நானும் சோக்கட்டி வாங்கினேன்.

ஏவன்டேலில் இருந்த அந்த அக்காவிடம் உன்னைக் கூட்டிப்போனது நான்தான். கோயிலில் பழக்கமானவர். மெக்கானிக்காக இருந்த கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் இருபது வருடமாகத் திருத்திய சிவப்பு அமெரிக்கக் கார் கராஜில் நின்றது. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் பக்கத்தில் ஓர் இரும்புத் தாங்கியின்மேல். கிறைஸ்ட்சேர்ச்சில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். காரோடு பிறந்த எஞ்சின்தான் என்று விபரம் தெரிந்தவர்கள் எழுதித் தந்தால் முழு விலை.

"தங்கச்சி, ஒரு கடிதம் எழுதித் தந்தால் காணும். அவர் ஒறிஜினல் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறவர்" என்றார் அக்கா. நான் உடனே ஓம் என்றேன்.

நீ கராஜுக்குள் போனதும் எங்கள் இருவரையும் மறந்துவிட்டாய். பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் போல்ட்டுகளுக்கு நடுவே கிடந்த கார்புரேட்டரைத் தூக்கி, அதன் கழுத்தில் பொறித்த எண்ணைப் படித்தாய். "அக்கா, இதத் தூக்கிப் போட்டுடாதீங்க. இது அசல். அந்தக் குரோம் மூடி எல்லாம் சேர்ந்தாலும் இதுக்கு ஈடாகாது." அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் பின்பக்கம் குனிந்து சோக்கட்டியைத் தேய்த்தாய். கார்க் கதவில் இருந்த தகட்டைப் போய்ப் பார்த்தாய். திரும்பிவந்து மறுபடி தேய்த்தாய். நானும் குனிந்து எண்களைப் படித்தேன்.

கார் மார்ச்சில் கட்டப்பட்டது. பிளாக் அதே வருடம் ஜூலையில் வார்க்கப்பட்டது. முன்பக்கத்தில் காரின் எண் அடித்திருந்தது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் இரும்பைச் சீவி மட்டப்படுத்தும் கத்தி அந்த இடத்தில் விட்டிருக்க வேண்டிய மெல்லிய கோடுகள் இல்லை. யாரோ அரம் போட்டு மழித்து, புதிதாக எண் அடித்திருக்கிறார்கள்.

உன் கையைப் பிடித்தேன். "இப்ப சொல்லாதை" என்று முணுமுணுத்தேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு அக்காவைப் பார்த்தாய்.

"அக்கா, புள்ள பிறந்து நாலு மாசம் கழிச்சு அதோட இதயம் உருவாக முடியாதுல்ல? இந்த எஞ்சின் இந்தக் காரோட பிறந்தது இல்ல. நம்பரை யாரோ பின்னாடி அடிச்சிருக்காங்க."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் சுவரில் தொங்கிய கணவரின் சாவிகளை ஒருமுறை பார்த்தார். "அப்ப என்ர மனிசன் கள்ளன் எண்டு சொல்லுறீரோ?" நீ பதில் சொல்வதற்குள், "ரெண்டு பேரும் போங்கோ" என்று கராஜ் கதவை இறக்கினார்.

நகருக்குத் திரும்பும் ரயிலில் நான் உன்னைத் திட்டினேன். "உனக்கு இரும்பைத்தான் தெரியும், மனிசரைத் தெரியாது." நீ ஜன்னலைப் பார்த்தபடி, "கடிதத்துல உன் கையெழுத்துல்ல இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாய். மூன்று வாரம் நாம் கதைக்கவில்லை. பெட்டியைத் திறந்து எண்களைத் துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவாய்.

பிறகு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். உன்னிடம் வந்து சொன்னேன். நீ பழசு எதையும் கிளறவில்லை. "மூணு வாரமா ஒண்ணு மண்டையக் குடையுது. இது வேற பிளாக்னா, பழைய பிளாக் எங்க?" என்றாய். எனக்கு அது தோன்றவே இல்லை.

உடைந்த ஸ்பார்க் பிளக்கைக்கூட எறியாத மனிதர் அக்காவின் கணவர். நாம் மூவரும் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினோம். கடைசியில் பழைய பிளாக் வேலை மேசைக்கு அடியில், சாக்குப் போர்த்தி, ஒரு பக்கத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கச் சுவரில் என் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓடும்போது உள்ளே பிஸ்டன் கம்பி முறிந்து வெளியே பாய்ந்திருக்கிறது என்றாய். சோக்கட்டியைத் தேய்த்தாய். பிப்ரவரி. எண் இருந்த இடத்தில் சீப்பு இழுத்ததுபோல் கோடுகள். அதே எண்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு குளிர்காலம் கணவர் கராஜில் இருந்து வந்து சாப்பிடாமலே படுத்த நாட்களை நினைவுகூர்ந்தார். "விக்கிற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இல்லை, தங்கச்சி. பிறகு ஆருக்காக இந்த நம்பரை அடிச்சவர்?"

நீ அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாய். "தெரியலக்கா. இரும்புல அது எழுதியில்ல."

இரண்டு பிளாக்குகளையும் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினோம். கிறைஸ்ட்சேர்ச்காரர் யோசித்துவிட்டு காரோடு இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஓட்டை விழுந்ததை ஒட்டவைத்து மறுபடி காரில் ஏற்றப்போகிறேன் என்றார். அக்கா கேட்ட முழு விலை கிடைக்கவில்லை. மிகவும் குறைந்தும் போகவில்லை. லாரி புறப்படும்போது அக்கா உன் கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் நான் சொன்னது தவறு என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும், புதிதாக வந்த பெட்டிகளைப் பற்றித்தான் நீ கேட்டாய். நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது சொல்கிறேன். மனிதரை உனக்குத் தெரிந்திருந்தது. ஒருவரை நல்லவர் என்றோ கள்ளன் என்றோ முடிவுகட்டாமல், அவர் செய்ததன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது உனக்கு.

எனக்கு அது இன்னும் கைவரவில்லை. ஆனால் முன்பெல்லாம் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன். இப்போது பென்சிலால் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, மதிய இடைவேளையில் எழுந்துபோய் பெட்டியை இன்னொரு தரம் பார்க்கிறேன்.