சாம்சனின் முன்கால்கள்

1996 ஜூன் 12, புதன்

விடியற்காலை முதல் மழை. துணி ஒன்றும் காயவில்லை.

சாம்சனுக்கு நாலு மாதம். கிரேட் டேன் குட்டி, இப்போதே என் தொடை உயரம். மஸ்கட்டில் வேலையிலிருக்கும் என் வீட்டுக்காரர் எழுதி, அவர் அப்பா, மாமா, வாங்கியது. வீட்டுக்கும் எனக்கும் காவலாம்.

இன்றைய தீனி: முட்டை 3, மாட்டிறைச்சி, பால், எலும்புத்தூள். கால்சியம் டானிக் இரண்டு வேளை. மாமா பக்கத்திலேயே நின்றார்.

"பெரிய ஜாதியாக்கும். எலும்பு உறைச்சு கெட்டியாகண்டாமா? இன்னொரு கரண்டி விடு மக்கா."

முன்கால் இரண்டும் மணிக்கட்டில் வளைகின்றன. பாதம் வாத்துக்கால் மாதிரி விரிந்து கிடக்கிறது. சொன்னேன். சத்து போராது என்றார். டானிக் கூடியது.

ஜூன் 14, வெள்ளி

தூறல். மீன்காரி வரவில்லை.

உதியன்குளங்கரை டுடோரியலில் இங்கிலீஷ் எடுக்க ஆள் தேவையாம். காலையில் இரண்டு மணி நேரம்தான். மாமாவிடம் கேட்டேன்.

"நீ போனா நாயை ஆரு பாப்பா?"

வாசல் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. ஆனாலும் ஈஸ்டருக்குப் பிறகு நான் தாண்டவில்லை. சர்ச்சுக்கும் இல்லை. நாய் தனியாகக் கிடந்தால் கத்துமாம்.

ஜூன் 16, ஞாயிறு

மாமா சர்ச்சுக்குப் போனதும் ஆட்டோ பிடித்தேன். அமரவிளையில் மிருக டாக்டர் வீடு. குட்டியைத் தூக்கி ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்தது.

டாக்டர் மலையாளி. காலைத் தடவினார், டானிக் பெயர் கேட்டார். "மதி, போதும். இனி ஒரு சொட்டு வேண்டா."

பெரிய ஜாதிக் குட்டி மெதுவாக வளர வேண்டுமாம். வேண்டாத கால்சியத்தைத் தள்ள இந்த வயதில் அதன் உடம்புக்குத் தெரியாது. தீனி கூடி எடை ஏற, எலும்பு கோணுகிறது. எலும்புத்தூளும் நிறுத்தம். இறைச்சி பாதி. வழுக்குகிற சிமென்ட் தரை ஆகாது. தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒல்லியாக இருக்க வேண்டும்.

மாமா வருமுன் வந்துவிட்டோம். சொல்லத் தைரியம் இல்லை. டானிக்கைச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஜூன் 18, செவ்வாய்

பிடிபட்டேன். ஆட்டோக்காரன் சொன்னானாம், மாமாவிடம் முக்கு டீக்கடையில்.

"எனக்குத் தெரியாம கேட்டைத் தாண்டினியா?"

நாயின் கால் பற்றி ஒரு கேள்வி இல்லை. அவரே டானிக் வாங்கிவந்து அவரே புகட்டினார்.

தலைவலி. சாப்பிடவில்லை.

ஜூன் 20, வியாழன்

காலையில் சாம்சன் எழவில்லை. முன்காலை ஊன்றும்போதெல்லாம் ஊளை. மாமா வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எலே சாம்சா, எலே..." கண் கலங்கி இருந்தது. அந்த நேரம் அவர் மேல் கோபம் வரவில்லை.

இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அதே வார்த்தைகள், கொஞ்சம் சத்தமாக. மாமா தலை நிமிரவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, "நீ சொன்னது சரிதான் பிள்ளே" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ஊசி. சாக்கு விரிப்பு. நாலு நாள் ஓய்வு. பிறகு மண் தரையில் தினம் பத்து நிமிடம் மட்டும் நடை.

ஜூன் 25, செவ்வாய்

மழை விட்டது. மாமாவுக்கு முட்டுவலி, அதனால் சங்கிலி என் கையில். வாய்க்கால் கரை வரை. சாம்சன் நொண்டியது, ஆனாலும் நாலு காலும் ஊன்றியது.

திரும்பும்போது மாமா கேட்டில், கையில் வாட்ச். "பத்து நிமிசம் ஆச்சு மக்கா."

"அந்தக் கணக்கு குட்டிக்காக்கும் மாமா" என்று சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். "நான் உதியன்குளங்கரை வரை போயிட்டு வாறேன்."

பதில் வருமுன் நடந்துவிட்டேன்.

டுடோரியலில் நாளை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். புடவை தேய்த்து வைத்திருக்கிறேன்.