போக வர இருபத்திரண்டு மைல்

திம்புள்ள
12.01.2025, ஞாயிறு

அன்பு மச்சான் செல்லசாமிக்கு,

இந்தக் கோணல் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் மேட்டு லயத்து வீடுகளுக்கும் பள்ளத்து லயத்து வீடுகளுக்குமாக ஏறி இறங்குகின்றன. யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே. நானேதான், இக்னேசியஸ். எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்துவிட்டேன். மாதா கோயில் மண்டபத்தில் டெல்சி டீச்சர் ஞாயிறு பின்னேரம் வகுப்பு எடுக்கிறார். பத்துப் பேர் சேர்ந்தோம், மிஞ்சியது நாலு பேர். நான்தான் முதல் பெஞ்சு. ‘ழ’ மட்டும் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

நாற்பது வருடம் எனக்கு வந்த கடிதங்களை நீதான் வாசித்தாய், பதிலையும் நீதான் எழுதினாய். நீ மகளோடு வத்தளைக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு கை இல்லாதது தெரிந்தது. போனில் பேசலாமே என்பாய். பேசத்தான் பிறந்ததில் இருந்து தெரியுமே!

பெரிய செய்தி இது. தோட்டத்துப் பங்களாவை யாரோ வாங்கி ஹோட்டலாக்குகிறார்கள். கராஜைக் காலி செய்ய வேண்டுமாம். பெரிய துரையின் செவர்லட் அங்கேயே நிற்கிறது மச்சான்! நீ ஓட்டிய, நான் கழுவிய அதே கப்பல். நாலு டயரும் தரையோடு தரை, உள்ளே எலி. ஆனால் முன்பக்கத்துப் பல்வரிசை அப்படியே சிரிக்கிறது. பழைய வேலையாட்களுக்கு முதலில் கொடுப்பார்களாம். மகன் சுஜீவன் கட்டாரில் இருந்து அனுப்பியது போதும். வாங்கலாமா?

வீட்டில் டோரீன் ஏசுகிறாள். “லூர்து மாதா திருநாளன்னைக்கு நான் கொழுந்து லொறியில சாக்கு மேல கெடந்தேன். அந்தச் சனியன் கராஜுக்குள்ள சும்மாதானே நின்னுச்சு. அதையா வாங்கப் போறீங்க?” என்கிறாள். துரை கார் தர மறுத்ததும், பிரசவத்துக்குப் போகும் வழியிலேயே பிள்ளை போனதும் உனக்குத் தெரியாததா? நீதானே எங்களுக்காகப் போய்க் கேட்டாய். அதற்குப் பிறகு நான் துரைக்கு சலாம் வைக்கவில்லை. கார் கழுவும் வேலை போய், மண்வெட்டியோடு தேயிலை மலைக்குப் போனேன். ஆனால் கார் என்ன செய்யும்? பாவம், இரும்பு.

ஒரு ஆசைதான் எனக்கு. ஈஸ்டருக்கு டோரீன் அதன் பின் சீட்டில் உட்கார்ந்து ஹட்டன் கோயிலுக்குப் போக வேண்டும். நீதான் ஓட்ட வேண்டும்.

நீ தைப்பூசத்தன்று அந்தக் காரில் பெண் பார்க்க வந்த கதையை ராசம்மா இன்னும் சொல்கிறாளா? “பூண்டுலோயாவே வாயப் பொளந்துச்சு” என்பாளே! அவளைக் கேட்டதாகச் சொல்.

உன்
இக்னேசியஸ்
(இது என் கையெழுத்து. பெருவிரல் இல்லை.)


வத்தளை
21.01.2025

என் உயிர் மச்சான் இக்னேசியஸ்,

கடிதத்தைப் பிரித்ததும் ராசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது கோழி நடந்த தாளா?” என்று கேட்டாள். கோபிக்காதே, அவளுக்கும் எழுத்துத் தெரியாதே. நான் வாசித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டாள்.

தாராளமாக வாங்கு. அந்த எஞ்சின் சாகாது. பட்டரி போட்டவுடன் சாவியைத் திருப்பிவிடாதே. முதலில் ஓயிலை இறக்கு, பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவு. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் காரில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார். என்னுடைய மெக்கானிக் கணேசமூர்த்தியை அனுப்பி வைக்கிறேன். முழங்கால் மட்டும் விட்டால் ஈஸ்டருக்கு நானே வந்து ஓட்டுவேன். டோரீன் அக்காவிடம் சொல், கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி. அவங்க கையால் சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது.

ஒன்று மட்டும் கேள். முன் பக்கப் பெட்டியில் பழைய கடதாசிகள் அடைந்து கிடக்கும். எலி மூத்திரம், அதைத் தொட்டால் காய்ச்சல் வரும். பிரிக்காமல் அப்படியே அள்ளி எரித்துவிடு.

உன்
செல்லசாமி


திம்புள்ள
16.02.2025, ஞாயிறு

அன்பு மச்சானுக்கு,

கார் நம்முடையது!

கடதாசியில் ஒப்பமிடப் போனபோது அங்கிருந்த கிளாக்கர் என் முகத்தைப் பார்த்ததும் மை டப்பியை நகர்த்தினார். “தம்பி, பேனா குடுங்க” என்றேன். அவர் காத்திருந்தார், ஹோட்டல்காரர் காத்திருந்தார், வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது. நான் அவசரப்படவே இல்லை. இ, க், னே, சி, ய, ஸ். முடித்ததும் ஹோட்டல்காரர் சிங்களத்தில் “போம லஸ்ஸனய்” என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம். உனக்குத் தெரியும்தான், எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

பதினாறு பேர் தள்ளித்தான் கோயில் வளவுக்குக் கொண்டுவந்தோம். ஃபாதர் கொட்டகை கொடுத்திருக்கிறார். கணேசமூர்த்தி பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, இதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம்” என்றான். காலையில் எழுந்ததும் போய்க் கழுவுகிறேன். கை மறக்கவில்லை மச்சான். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, கடைசியில் சக்கரம்.

நீ சொன்னபடி பெட்டியைத் திறந்தேன். எலி வாலைக்கூடக் காணோம். ஓயில் துணியில் சுற்றி நாலு புத்தகம் இருந்தது. எல்லாம் நீ எழுதிய ஓட்டப் புத்தகம்! கார் எந்த நாள் எங்கே போனது, யாருக்காகப் போனது, எத்தனை மைல் என்று நீ தமிழில் எழுதுவாய், பெரிய கிளாக்கர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார், கீழே துரை ஒப்பம் போடுவார். ஞாபகம் இருக்கிறதா? அதை எரிக்க எனக்கு மனம் வருமா? என்ன அழகான எழுத்து உனக்கு, அச்சுப் போல. டெல்சி டீச்சர் பார்த்துவிட்டு, “இதையே வாசிச்சுப் பழகுங்க, பேப்பரை விட இது லேசு” என்றார். தினமும் ஒரு பக்கம் வாசிக்கிறேன். 1977 முடிந்துவிட்டது. “நுவரெலியா, துரைசாணி, பூ வாங்க.” ஹா! பூ வாங்கவா போனாள்?

உன்
இக்னேசியஸ்


வத்தளை
22.02.2025

அன்பு மச்சான்,

உன் கண்ணுக்கு அந்த மங்கிய மை கூடாது. ஓட்டப் புத்தகம் தோட்டத்துச் சொத்து, வீட்டில் வைத்திருந்தால் வில்லங்கம் வரும். கணேசமூர்த்தி திரும்பும்போது அவனிடம் கொடுத்துவிடு. நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். வாசிக்க வேண்டுமென்றால் நல்ல கதைப் புத்தகம் வாங்கி அனுப்புகிறேன். முழங்கால் வலி கூடியிருக்கிறது. மற்றவை நேரில்.

செல்லசாமி


திம்புள்ள
09.03.2025, ஞாயிறு

செல்லசாமிக்கு,

இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதி எழுதி இரண்டு தாள் வீணாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை, காரைக் கழுவி முடித்து, முன் சீட்டில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தை விரித்தேன். வழக்கம் போல விரலை வைத்து வாசித்தேன். பக்கத்தின் நடுவில் என் பெயர் இருந்தது. புத்தகத்தில் என் பெயர்! எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? அதற்குப் பக்கத்தில் டோரீன் பெயர். முழுதும் வாசிக்கக்கூட இல்லை, புத்தகத்தோடு லயத்துக்கு ஓடினேன்.

“ஏய், இங்க பாரு, நம்ம ரெண்டு பேரும் எழுத்துல இருக்கோம்” என்றேன். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். “என்னான்னு இருக்கு? வாசிங்க” என்றாள்.

வாசித்தேன். நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது.

“11.02.1979. தைப்பூசம். இக்னேசியஸ் பெண்சாதி டோரீன், பிரசவம், ஆஸ்பத்திரி. போக வர 22 மைல். பெரிய துரை உத்தரவு.”

கீழே துரையின் ஒப்பம்.

டோரீன் ரொட்டியைத் திருப்பவில்லை. “நான் எப்பங்க அந்தக் காருல போனேன்?” என்றாள். நான் மறுபடி விரலை வைத்து வாசித்தேன். ரொட்டி கருகியது. அவளே, “லூர்து மாதா திருநாளும் பதினொண்ணாந் தேதிதானே” என்றாள். பிறகு, “ராசம்மா தைப்பூசம் தைப்பூசம்னு சொல்லுவாளே” என்றாள்.

நாங்கள் அதை மாதா திருநாள் என்றோம். உன் வீட்டில் தைப்பூசம் என்றீர்கள். இரண்டும் ஒரு நாள் என்று இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை. உனக்கு மட்டும் தெரியும்.

துரை கார் கொடுத்திருக்கிறார். முதல் நாள் பொழுது சாயும்போது நீ வந்து, “மனுசனா அவன், முடியாதுன்னுட்டான் மச்சான், வலி வந்தா லொறியில கூட்டிட்டுப் போ” என்று சொல்லி, என் தோளைப் பிடித்து அழுதாய். அந்த அழுகைக்காகவே உன்னை நான் கூடப்பிறந்தவனாக வைத்திருந்தேன். டோரீன் ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளில் எல்லோருக்கும் மெழுகுதிரி கொளுத்துவாள், துரைக்கு மட்டும் மாட்டாள். உனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். நாற்பது வருடம் எனக்கு வந்ததை எல்லாம் நீதான் வாசித்தாய். எழுதியிருந்ததைத்தான் வாசித்தாயா?

போன் எடுக்காதே. அதைப் பேனாவால் எழுதினாய், இதையும் பேனாவால் எழுது.

இக்னேசியஸ்


வத்தளை
24.03.2025

இக்னேசியஸ்,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். உன் கடிதத்தை ராசம்மா வாசிக்கச் சொன்னாள். கார் நல்லபடியாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு நாள் செல்லும் என்று மருத்துவச்சி சொன்னது உனக்கும் தெரியும். பூண்டுலோயாவில் பெண் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். நான் வெறும் டிரைவர், கையை வீசிக்கொண்டு போனால் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன். எனக்காகக் கேட்டால் துரை தரமாட்டார். உன் பேரைச் சொன்னதும் உடனே தந்தார். ஒரு நாள்தானே, மறுநாள் டோரீன் அக்காவுக்கு எப்படியாவது மறுபடி கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பாலத்தடியில் உங்கள் லொறி நிற்பதைத் தூரத்தில் இருந்தே கண்டேன், நீங்கள் என்னைக் காணவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

நமக்கு என்ன வயது, இனி எதற்கு இது? ஈஸ்டருக்கு வரட்டுமா? ஒரு சொல் எழுது.

செல்லசாமி


திம்புள்ள
27.04.2025, ஞாயிறு

டிரைவர் செல்லசாமிக்கு,

நீ கேட்ட ஒரு சொல்லை உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கார் ஓடட்டும் என்று இருந்தேன்.

ஓடிவிட்டது. உன் கணேசமூர்த்தி கெட்டிக்காரன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை. ஈஸ்டர் பூசைக்குப் பிறகு புறப்பட்டோம். கொழுந்து லொறி ஓட்டுகிற சுகந்தன்தான் ஓட்டினான். உன்னைப் போல வளைவில் ஹோர்ன் அடிக்கத் தெரியவில்லை, ஆனால் கேட்ட இடத்துக்குப் போகிறான். டோரீன் பின் சீட்டில், நீலச் சேலையோடு. நான் அவள் பக்கத்தில். அந்தக் காலத்தில் துடைத்துத் துடைத்து வைத்த பின் சீட்டில் அன்றுதான் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் குத்துகிறது.

ஹட்டன் கோயிலுக்கு அல்ல. “ஆஸ்பத்திரிக்கு விடு தம்பி” என்றாள் டோரீன். பாலத்தடியில் நிறுத்தச் சொன்னாள், இறங்கினாள், தண்ணீரைப் பார்த்தாள், ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் யாரும் இறங்கவில்லை. காவற்காரர் வந்து, “நோயாளி யாரு?” என்று கேட்டார். “யாரும் இல்லீங்க, சும்மா வந்தோம்” என்று சொல்லித் திருப்பிக்கொண்டோம்.

அந்தக் காரின் மீட்டர்களில் சாகாமல் இருந்தது மைல் காட்டுகிறது ஒன்றுதான். போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக இருபத்திரண்டு மைல். மைலை மட்டும் நீ உண்மையாக எழுதியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து ஓட்டப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் நானே எழுதினேன்: “20.04.2025. ஈஸ்டர். டோரீன், ஆஸ்பத்திரி. போக வர 22 மைல்.” உத்தரவு என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று யோசித்தேன். டோரீனிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் பெருவிரலை வைத்தாள். அடுத்த மாதத்தில் இருந்து அவளும் வகுப்புக்கு வருகிறாள்.

துரையின் ஆத்துமாவுக்கு ஒரு பூசை கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். ராசம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லப் போவதில்லை. அது டோரீன் எடுத்த முடிவு. “அவளுக்காவது அந்தக் கார் நல்ல காராவே இருக்கட்டும்” என்றாள். ஆனால் இந்தக் கடிதத்தையும் நீ அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். என்ன வாசிப்பாயோ, அது உன் பாடு.

நீ வர வேண்டாம். கேட்ட ஒரு சொல் அதுதான்.

புத்தகம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, 1980 தொடங்கியிருக்கிறேன். இப்போது நிறுத்தாமல் வாசிக்க வருகிறது, கையும் ஓரளவு நேராகிவிட்டது, ‘ழ’ கூட அடங்கிவிட்டது, பார்த்தாயா? பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. வாசித்ததை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.

இக்னேசியஸ்