வேட்டி மஞ்சளாகத் தெரிந்த சித்திரை

அன்பு மகள் வினோஜாவுக்கு,

அடிலெய்டில் நீ சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் நானும் அப்பாவும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை பிள்ளை, இந்த முறை உண்மையாகவே நலம். தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன்னைப் புகழத் தொடங்கினால் "அம்மா, விடுங்கோ" என்று கதையை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

அப்பாவின் இருதயக் குளிசையை டொக்டர் குறைத்துவிட்டார், குடல் அழற்சிக்குப் புது மருந்தும் தொடங்கியாகிவிட்டது, நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று நேற்றும் சொன்னார்கள். நீ போனில் கண்டது கடைசிப் பங்கைத்தான், அதற்கு முதல் வீட்டில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. பங்குனியில் வயிறு குழம்பத் தொடங்கியதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, குமட்டல் வேறு, எல்லாம் குடல் வருத்தம்தான் என்று நான் கஞ்சியும் இரசமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு வந்து புது வேட்டியைக் கட்டியவர், "இஞ்சரப்பா, இதென்ன வேட்டி மஞ்சளாக் கிடக்கு" என்றார். மருத்துநீரில் மஞ்சள் போட்டிருந்தேன் அல்லவா, தலையிலிருந்து வழிந்து பட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஆனால் என் கண்ணிலும் கண்புரை தொடங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னவர்தானே, அதனால் அவர் சொன்னதையே நம்பினேன். பிளீச் போட்டுத் தோய்த்தேன், மஞ்சள் போகவில்லை என்றார். திரும்பவும் தோய்த்தேன், திரும்பவும் அதே பாட்டு. ஒரு வேட்டி ஒழுங்காகத் தோய்க்கத் தெரியாதோ என்று கேட்டாரே பார், எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் உன் வீடியோ அழைப்பு வந்தது. நீ முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னாய், காட்டினேன், அப்போதே உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, வேட்டி பால் மாதிரி வெள்ளையா இருக்கு" என்றாய். பிறகு அப்பாவிடம் சுவர் என்ன நிறம் என்று கேட்டாய். "எல்லாம் மஞ்சள்தான், கொம்மா பல்பை மாத்திப்போட்டா" என்று அவர் அதற்கும் என்னையே குற்றம் சொன்னார். எந்த இருதயக் குளிசை, குமட்டல் இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று நீ கேட்கக் கேட்க உன் குரல் மாறியது. அடுத்த குளிசையைக் குடிக்க வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றாய். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு டாக்சியில் ஏறினேன், வழி முழுக்க இவரை இழந்துவிடுவேனோ என்றுதான் நினைத்தேன்.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அந்தக் குளிசை இருக்கவேண்டிய அளவைவிட மிகக் கூடுதலாக உடம்பில் இருந்தது, இருதயம் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிசை உடம்பில் கூடினால் கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியுமாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் இருதயமே நின்றிருக்கலாம் என்றார் அங்கிருந்த டொக்டர். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டபோது நான் வாயைத் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டார். பொன்ஜூர், மெர்சி தவிர வேறு பிரெஞ்சு பேசாத மனிதர், நெஞ்சு முழுக்க வயரோடு படுத்துக்கொண்டு "மா ஃபீய், மா ஃபீய்", என் மகள், என் மகள் என்று பிரெஞ்சில் சொல்லிக் கண் கலங்கினார். டொக்டருக்குப் படிக்காமல் எலியின் குடலுக்குள் என்னத்தைத் தேடுகிறாள் என்று உன்னைக் குறை சொன்ன அதே வாய்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை பிள்ளை, அதை வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

இப்போது அப்பா கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர்களையும் விடுவதில்லை, பிடித்துவைத்து விளக்கம் சொல்கிறார். பனி உருகும் காலத்தில் பேஸ்மெண்டில் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் மாதிரி, குடல் சுவரிலும் சின்னச் சின்னப் பம்புகள் நஞ்சையும் சில மருந்துகளையும் திருப்பித் தள்ளிக் காவல் காக்கின்றனவாம், அழற்சி வந்தால் அந்தப் பம்புகள் குறைந்துபோகுமாம், அப்போது பழைய அளவுக் குளிசையே கூடுதலாக உள்ளே போய்விடுமாம். அதோடு "இது என்ரை மகளின்ரை ஆராய்ச்சி" என்று முடிப்பார். அப்பாவின் விஷயத்தில் அதுமட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, வயிற்றோட்டத்தால் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்திருக்கும், சிறுநீரகமும் சோர்ந்திருக்கும் என்று நீ சொன்னதை அவர் வசதியாக விழுங்கிவிடுகிறார். நான் பக்கத்தில் நின்று அதையும் சேர்த்துச் சொல்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன், அந்தப் பெருமையில் அவருக்குப் பங்கில்லை.

அங்கே குளிர் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு போ. ஆய்வுகூடத்தில் நேரம் போவது தெரியாமல் பட்டினி கிடக்காதே, ஊருக்கெல்லாம் குடலைப் பார்க்கிறவள் தன் வயிற்றையும் பார்க்கவேண்டும். உன் படிப்பு நல்லபடி நிறைவேற, நோயற்று நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். வருகிற செவ்வாய் அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை, முடிவைக் கேட்க மறக்காமல் போன் எடு.

இன்னும் எழுத இருந்தது, அதற்குள் அப்பா குசினிக்குள் நின்று "இஞ்சரப்பா, பசிக்குது, சாப்பிட என்ன இருக்கு" என்று கேட்கிறார். பங்குனிக்குப் பிறகு அவராகப் பசி என்று சொல்வது இதுதான் முதல் தடவை. அழுகை வருகிறது பிள்ளை. நான் போய் அவருக்குச் சோறு போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ஞானாம்பிகை பேரின்பநாதன்