கொயினா மாத்திரையின் சராசரி

1934 நவம்பர் 5, திங்கள்

விடாத மழை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்ததும் வரிசையாக மலேரியாவுக்குக் கொயினா கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கினார்களா என்று பார்த்தேன். ரப்பர்த் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வேலை. அஞ்சலை நிற்கும் இடத்தில் வேறொருத்தி.

அஞ்சலை மலேரியாவில் செத்துப் பதினாறு நாள். இருந்தவரை தினமும் மாத்திரை, தினமும் காய்ச்சல். "முழுங்கிட்டேங்கய்யா" என்றாள். "துப்பிட்டுப் பொய் சொல்றே" என்று அத்தனை பேர் முன்னால் ஏசினேன். புருஷன் மாரிமுத்து பக்கத்தில்தான் நின்றான்.

வாங்க வேண்டியது: பஞ்சு, அயோடின், விளக்குத் திரி.

நவம்பர் 6

அவளுக்குக் கொடுத்த அதே மாத்திரைத் தகரம். ஒரு மாத்திரை கையில் லேசாகப் பட்டது. தராசில் வைத்தேன். தகரத்தில் மாத்திரைக்கு ஐந்து கிரெயின் எடை என்று போட்டிருக்கிறது, இது 2.4. இன்னும் மூன்று: 5.0, 4.6, 3.2. சராசரி 3.8. சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிநேகிதன் சா.வுக்குக் கடிதம்.

நவம்பர் 12

பெக்கோக் தபாலாபீசிலிருந்து சிங்கப்பூர்க் கடிதம் வந்தது. சா. எழுதுகிறான்: "முதலில் சராசரி ஐந்துதான் என்று வைத்துக்கொள். இவ்வளவு விலகல் தற்செயலாக வருமா என்று பார். விலகல் கணக்கில் (இது எடை இல்லை) நாலு மாத்திரைக்கு எல்லை 3.18; அதைத் தாண்டினால்தான் தற்செயல் இல்லை. உனக்கு வருவது 1.98. தகரத்தைக் குறை சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. பார்க்காமல் பத்து எடுத்து நிறு."

நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததே அருவருப்பு. தகரத்தை முதலில் யோக்கியம் என்று நம்ப வேண்டுமாம். அவளை ஒரு நாளும் நான் அப்படி நம்பியதில்லை.

நவம்பர் 13

கண்ணை மூடிக்கொண்டு பத்து. ஒவ்வொன்றும் தட்டில் விழும்போது காதருகே, "முழுங்கிட்டேங்கய்யா." இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சராசரி 3.1. சா. சொன்ன கணக்கில் பத்துக்கு எல்லை 2.26, வந்தது 5.9. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். தற்செயல் இல்லை, தகரமே குறை. காய்ச்சல் நிற்காததை வைத்துத்தானே துப்புகிறாள் என்றேன். விழுங்கித்தான் இருப்பாள்.

தோட்டத்துத் துரையிடம் சொன்னேன். புதுத் தகரம் வரவழைக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 14

மழை விட்டது. பால்வெட்டு முடிந்ததும் மாரிமுத்துவின் லயத்து வீட்டுக்குப் போனேன். மருந்துதான் குறை, அஞ்சலை பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கை ஓங்குவான் என்று நினைத்தேன். வாளியைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் நிமிராமலே சொன்னான்:

"நீங்க சொன்னீங்கன்னு நானும் அவள அடிச்சேங்கய்யா, தெனமும்."