அளவு நோட்டில் இல்லாதவள்

என்னவளே,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. நம் மகள் கடைசியாகத் தங்கிய விடுதியில்தான் இருக்கிறேன். அவள் தனியாக மலையேறிப் போய் இன்றோடு இருபது நாள்.

தையல்காரன் புத்தி, போலீசாரிடம் என் பழைய அளவு நோட்டைப் பார்த்தே அடையாளம் சொன்னேன். தோள் பதினாலு அங்குலம், ஒல்லி, பயந்த சுபாவம்.

அதை வைத்துப் போலீசார் ஒட்டிய 'காணவில்லை' நோட்டீஸைப் படித்த விடுதிக்காரம்மா, "இது யாருங்க? உங்க பொண்ணு, கால் உடைஞ்ச ஒருத்தியை முதுகுல தூக்கிட்டு இந்தச் சரிவுல இறங்கி வந்தா. மறுநாள் விடிஞ்சதும் திரும்ப மேல போயிட்டா" என்றார்.

பல்லிக்கு அலறியவளா!

ஜன்னலில் அந்த மலை நிற்கிறது. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலிக்கிறது.

அவளுக்குத் தைத்த சட்டையின் தோளைப் பிரித்து வை. உள்ளே துணி விட்டிருக்கிறேன், ஆனால் போதாது. அவள் வந்ததும் புதிதாக அளவெடுக்கிறேன்.

உன்னவன்